மூன்றாம் நாள் பாளை விடும் தென்னை

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்து இருபத்தெட்டுக்கு முனியசாமியின் தென்னங்கன்று நர்சரி இன்டர்நெட்டில் திறக்கப்பட்டது. பத்து இருபத்தொன்பதுக்கு நான் செத்துப்போனேன். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் செத்தவன் பார்வையில்தான் சொல்கிறேன். ஒன்றிரண்டு இடத்தில் கூடக்குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ரெங்கராஜ். அரசு பஸ்ஸில் இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர். ஐம்பத்தைந்து சீட் வண்டியில் முந்நூறு பேரை ஏற்றி, அதில் நாற்பது பேருக்குச் சன்னலோரமும் கொடுத்தவன். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. ஆலங்குடியில் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற தேவிப்ரியாவுக்குக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பதுதான் தொழில். ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது, ஒரு லேப்டாப், ஒரு நோட்டு, ஒரு ஸ்கூட்டி.

அவள் முன்னால் சென்னையில் ஒன்பது வருஷம் ஒரு கம்பெனியில் இருந்தாள். வெளிநாட்டு பாங்க் ஒன்றின் வெப்சைட்டில் ஒரு பொத்தான் இருக்குமாம். அதற்கு எந்த நீலம் பூசலாம் என்பதே மூன்று வருஷ வேலை. வானத்துக்கு நீலம் அடித்தவன்கூட அவ்வளவு நாள் எடுத்திருக்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை காலை நாற்பது பேரை ஒரே வீடியோ காலில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்தில் இவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. அதிலிருந்து எதைத் தொடங்கினாலும் முடிகிறவரை அவளுக்கு நிம்மதி கிடையாது. பேனா மூடியைக் கடிப்பாள். மாதத்துக்கு நாலு மூடி என்று நான் கணக்குச் சொன்னால், "ரெண்டுதான் பெரியப்பா" என்பாள்.

அவள் வேலை செய்கிற விதம் இந்த ஜில்லாவில் வேறு யாருக்கும் கிடையாது. கடைக்காரர் வெப்சைட் வேண்டும் என்று வந்தால் லேப்டாப்பைத் திறக்கவே மாட்டாள். ஒரு நாள் முழுக்க அந்தக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாங்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வாள். "கடைக்காரர் சொல்ல நெனைக்கிறது ஒண்ணு, வர்றவங்க கேக்குறது ஒண்ணு. வெப் பக்கத்துல போட வேண்டியது ரெண்டாவதுதான்" என்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெப்சைட்டின் சாவி எப்போதும் கடைக்காரர் கையில்தான் இருக்க வேண்டும். ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் கடைக்காரர் போனுக்கு ஆறு எண் வரும். அதை அவர் சொன்னால்தான் கதவு திறக்கும். ஆலங்குடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு முன்னால் வேறொருவன் செய்து கொடுத்திருந்தான். அவன் துபாய்க்குப் போனபோது பாஸ்வேர்டும் அவனோடு விமானம் ஏறிவிட்டது. ஸ்டூடியோக்காரர் தன் கடைப் பக்கத்தில் தன் போன் நம்பரைக்கூட மாற்ற முடியாமல் ரெண்டு வருஷம் அழுதார். அதைப் பார்த்த நாளிலிருந்து இவளுக்கு இந்த வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான். அது எப்படி எங்கள் கழுத்தைப் பிடித்தது என்பதற்கு வருகிறேன்.

முனியசாமியின் நர்சரி ஆலங்குடிக்கும் வம்பனுக்கும் நடுவே ரோட்டோரம் இருக்கிறது. ஐம்பது வயது. வியாபாரிகளில் பொய் சொல்லத் தெரியாத ஒரே பிறவி. கன்று வாங்க வந்தவரிடம், "போர்ல தண்ணி இருக்கா? இல்லைன்னா வாங்காதீங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறவர். அப்படி அனுப்பி அனுப்பித்தான் அந்த வருஷம் மூவாயிரம் கன்றுகள் பையிலேயே நின்றன. வயது ஒன்றாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் போகாவிட்டால் வேர் பைக்குள் சுருண்டுவிடும். அப்புறம் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அரிமளம் பக்கத்து விவசாயிகள் சங்கத்தின் செயலாளர் அறிவுச்செல்வன் போன் செய்தார். உறுப்பினர்களுக்கு மூவாயிரம் கன்று வேண்டும். மூன்று நர்சரிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டத்தில் ஒன்றை முடிவு செய்வார்கள். "உங்க நர்சரியப் பத்தி என்ன இருந்தாலும் அதுக்குள்ள அனுப்பி வைங்க" என்றார். முனியசாமி பிளெக்ஸ் போர்டு அடித்து லாரியில் அனுப்பத் தயாராக இருந்தார். தேவிதான், "போர்டு வேணாம்ணே. பக்கம் போடுவோம். என் பொறுப்பு" என்றாள். என் பொறுப்பு என்று சொன்ன அன்றைக்கே ஒரு பேனா மூடி காலி.

நர்சரியில் ஒரு நாள் உட்கார்ந்து நாற்பத்தொரு கேள்வி எழுதி வந்தாள். பக்கத்தின் அமைப்பைப் போட்டுவிட்டு, முனியசாமி பதில் சொல்லி முடிக்கும்வரை இடத்தை நிரப்ப ஏதாவது எழுத்து வேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

"இங்கிலீஷ் பக்கம்னா இதுக்குன்னே அர்த்தமில்லாத ஏதோ வச்சிருக்காங்க பெரியப்பா. தமிழ் எழுத்துக்கு அகலம் வேற. நீளம்தான் வேணும். எதையாச்சும் எழுதிக் குடுங்க."

எதையாச்சும் என்று என்னிடம் சொன்னது அவள் செய்த முதல் தப்பு. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதிக் கொடுத்தேன்:

'எங்கள் கன்று நட்ட மூன்றாம் நாள் பாளை விடும். நான்காம் நாள் ஏணியுடன் வரவும். கஜா புயல் எங்கள் மரங்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றி வைத்துக் கும்பிட்டுவிட்டு வேறு வழியாகச் சென்றது. எங்கள் தேங்காய் ஒன்றில் ஒரு கல்யாணத்துக்குச் சட்னி அரைக்கலாம். மிச்சத்தை மறுவீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். காண்டாமிருக வண்டு எங்கள் வாசலில் வந்து மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டது. ஒரு கன்று பட்டுப்போனால் பத்துக் கன்று இலவசம். இது முனியசாமியின் வாக்கு.'

தேவி படித்துவிட்டு ரெண்டு நிமிஷம் சிரித்தாள். ஊரே கேட்கும்படி சிரித்தாள் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்வேன். பிறகு உண்மையான பதில்கள் வந்ததும் இன்னொரு படி தயாரித்தாள். லேப்டாப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக ரெண்டும் இருந்தன. மேலே 'முனியசாமி மாதிரி', கீழே 'முனியசாமி முடிந்தது'.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கும். அதற்குள் திறந்துவிட வேண்டும் என்பது முனியசாமியின் ஒரே நிபந்தனை. நர்சரிக் கொட்டகையில் பலகை போட்டு, கோலமிட்டு, குத்துவிளக்கு ஏற்றி, நடுவில் லேப்டாப்பை வைத்தார்கள். நானும் போயிருந்தேன். கேசரி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

முனியசாமியின் மனைவி அழகி, எந்தப் புதுப்பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் விட மாட்டாள். டிராக்டர், மோட்டார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் வைத்த கை அது. தேவி கற்பூரத் தட்டின் பக்கம் திரும்பிக் கும்பிட்ட நேரத்தில், லேப்டாப்பில் விரலால் தடவுகிற அந்தச் சதுரத்தின் நடுவில் குழைத்த சந்தனத்தை வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டாள்.

மணி பத்து இருபத்தாறு. தேவி விரலை வைத்தாள். திரையில் இருந்த அம்பு சாமி வந்தது மாதிரி ஆடியது. இங்கிட்டு இழுத்தால் அங்கிட்டு ஓடியது.

"சீக்கிரம் தங்கச்சி. நாலு நிமிஷம்தான் இருக்கு" என்றார் முனியசாமி.

"தொடச்சுக்கிறேண்ணே."

"சந்தனத்த அழிக்கக் கூடாது ஆத்தா, வெள்ளிக்கிழமை அதுவுமா" என்றாள் அழகி.

தேவி விரல் நுனியால் சந்தனத்தைச் சுற்றி ஓரமாகத் தடவித் தடவிப் போனாள். முனியசாமி தன் போனைப் பார்த்து ஆறு எண்ணைச் சத்தமாகப் படித்தார். பத்து இருபத்தெட்டுக்கு அவள் அழுத்தினாள். தேங்காய் உடைந்தது. அழகி குலவை போட்டாள். முனியசாமி அதே வேகத்தில் தன் போனில் பக்கத்தின் முகவரியை அறிவுச்செல்வனுக்கு அனுப்பினார். சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் சேர்த்து அனுப்பினார்.

நான் கேசரியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் என் போனில் திறந்தேன். பச்சை எழுத்தில், பெரிதாக, என் கண்ணையே பார்த்து நின்றது: எங்கள் கன்று நட்ட மூன்றாம் நாள் பாளை விடும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். முதல் அரை வினாடி எனக்குச் சந்தோஷம்தான். அச்சில் என் எழுத்து. அடுத்த அரை வினாடியில்தான் செத்தேன்.

தேவியின் பக்கத்தில் போய்ப் போனைக் காட்டினேன். அவள் முகத்தில் இருந்த ரத்தம் முழுக்க இறங்கிப் பாதத்துக்குப் போய்விட்டது. அம்பு வழுக்கி, கீழே இருந்த படிக்குப் பதில் மேலே இருந்ததை எடுத்துக்கொடுத்துவிட்டது.

"அண்ணே, ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. இன்னொரு தடவ நம்பர் வரும், சொல்றீங்களா" என்றாள்.

முனியசாமி கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து முப்பத்தொன்று.

"ராகுகாலம் வந்துருச்சு தங்கச்சி. பன்னெண்டு மணிக்குச் சொல்றேன்."

"அண்ணே, தப்பான பக்கம் ஏறிருச்சு."

அவள் எதையும் மறைக்கவில்லை. நான் எழுதியது, ஏன் எழுதியது, எப்படி ஏறியது என்று எல்லாவற்றையும் சொன்னாள். முனியசாமி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். சட்னி வந்த இடத்தில் உதட்டோரம் கொஞ்சம் ஆடியது. கஜா வந்த இடத்தில் நின்றுவிட்டது. முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்டக்டரண்ணே, நீங்களா எழுதுனது?"

"நீளத்துக்கு எழுதுனதுப்பா" என்றேன். அதைவிடக் கேவலமான பதிலை நான் வாழ்நாளில் யாருக்கும் சொன்னதில்லை.

"இப்ப மாத்திடலாம்ணே. ரெண்டு நிமிஷம்தான். செயலாளர் பாக்குறதுக்குள்ள மாத்திடலாம்" என்றாள் தேவி.

"மாட்டேன்த்தா."

"அண்ணே."

"கஜா வந்த வருஷம் புரட்டாசியில ராகுகாலம்னு பாக்காம போர் போட்டேன். மாமன் மச்சான்லாம் சொன்னாங்க, கேக்கல. ஒன்றரை மாசத்துல நூத்தி நாப்பது மரம் படுத்துருச்சு. ஒரு தப்பு நடந்துருச்சு. அதுக்கு மேல ராகுகாலத்துல இன்னொண்ணு செய்யச் சொல்றியா?"

புயல் அவருடைய போருக்காக வங்கக்கடலில் கிளம்பி வரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நூற்று நாற்பது மரத்தைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல எனக்குக்கூடத் துணிச்சல் வரவில்லை. வேறு வழியில் போய்ப் பார்த்தேன்.

"முனியசாமி, ராகுகாலத்துல புதுசா எதையும் ஆரம்பிக்கத்தான் கூடாது. ஆரம்பிச்சதத் தொடரலாம். பத்து இருபத்தஞ்சுக்கு எடுத்த பஸ்ஸப் பத்தரைக்கு நிறுத்திடுவமா? ஓடிக்கிட்டேதானே இருக்கும்?"

அவர் யோசித்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சரிதான்ணே. ஓடுற பஸ்ஸ நிறுத்தக் கூடாது. ஓடட்டும்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பித்தானையும் மாட்டிக்கொண்டார்.

சாவியை அவர் கையில் கொடுத்ததே தேவிதான். அவள் மட்டும் துபாய்க்காரன் மாதிரி இருந்திருந்தால் ரெண்டு நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் கேசரி சாப்பிட்டிருப்பாள்.

மூன்று பேரும் கொட்டகையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அழகி மட்டும், நடந்ததில் தன் சந்தனத்துக்கும் பங்கு உண்டு என்று தெரிந்ததிலிருந்து, விளக்குத் திரியைத் தேவையில்லாமல் தூண்டிக்கொண்டிருந்தாள். வெளியே மூவாயிரம் கன்றுகள் கறுப்புப் பைகளில் வரிசையாக நின்றன. எல்லாக் கன்றும் என்னையே திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முன்வரிசையில் ஒன்று தலையை ஆட்டியது. காற்று அப்போது கிடையாது.

தேவி நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தாள். முனியசாமி அனுப்பிய கையோடு அவளும் தன் போனிலிருந்து செயலாளருக்கு முகவரியை அனுப்பியிருந்தாள்; அதற்கு எதிரே ரெண்டு டிக்கும் சாம்பல் நிறத்தில் இருந்தன. அறிவுச்செல்வன் இன்னும் திறக்கவில்லை. பத்து ஐம்பது. பத்து ஐம்பத்தைந்து. "மீட்டிங் வேலையில இருப்பாரு. பன்னெண்டு வரைக்கும் பாக்க மாட்டாரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பேனா மூடி உடைந்து அதன் துண்டு ஒன்று வாயில் இருந்தது. அதைத் துப்பவும் மறந்திருந்தாள்.

பதினொன்று நாலுக்கு டிக்குகள் நீலமாயின. மூன்று வருஷம் நீலத்தோடே குடித்தனம் நடத்தியவள், அந்த நீலத்தைப் பார்த்து அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

பதினொன்று ஆறுக்கு முனியசாமியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"முனியசாமிண்ணே, பக்கத்தப் படிச்சேன். இருக்கீங்களா? வாரேன்." வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். கோபமா, சிரிப்பா, ஒன்றும் தெரியவில்லை. 'வாரேன்' என்ற ஒரு சொல்லை வைத்து நாலு பேரும் பத்து நிமிஷம் ஆராய்ந்தோம்.

"வரலன்னா போன்லயே சொல்லிருப்பாரு. வாரேன்னா நல்லதுதான்" என்றாள் அழகி.

"சண்டை போடுறவனும் வாரேன்னுதாங்க்கா சொல்லுவான்" என்றாள் தேவி.

எனக்கு இருந்த ஒரே துருப்பு கணக்கு. அரிமளத்திலிருந்து பைக்கில் கிளம்பி, புதுக்கோட்டைக்குள் நுழைந்து வந்தாலும், குறுக்கே வந்தாலும், ரோட்டில் ஜல்லி கொட்டியிருக்கிற இடம், டீ, ஹெல்மெட்டைத் தேடுகிற நேரம் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு ஐந்துக்கு முன்னால் வர முடியாது. "பன்னெண்டுக்கு நம்பர் வாங்குறோம், பன்னெண்டு ரெண்டுக்கு மாத்துறோம், பன்னெண்டு அஞ்சுக்கு அவரு வாராரு. அவரு போன்ல மறுபடி தொறந்தா நல்ல பக்கம்தான் இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றேன். தேவி தலையை ஆட்டினாள். நம்பவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு வாசலில் பைக் நின்றது. பஸ்ஸில் ஏறிய நாளிலிருந்து என் கணக்குத் தவறியது அன்றைக்குத்தான்.

அறிவுச்செல்வனுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுச் சட்டைக்குள் கையை விட்டார். எடுத்தது போன் இல்லை. காகிதம். பக்கத்தை அரிமளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டுக் கொண்டு வந்திருந்தார்.

தேவி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு எதை மாற்றினாலும் காகிதத்தை மாற்ற முடியாது.

"கூட்டத்துல வாசிக்கணும்ல, அதான் எடுத்தேன்" என்று சொல்லி, அழகி நீட்டிய செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். "யாரு எழுதுனது?"

தேவி எழுந்தாள். "பக்கம் நான் செஞ்சது சார். தப்பான படி ஏறிருச்சு. பொறுப்பு என்னுது."

"எழுதுனது நான்" என்று நானும் எழுந்தேன். அப்போது எழாவிட்டால் பிறகு எழுந்திருக்கவே முடியாது என்று தோன்றியது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சட்னி, வண்டு, ஏணி இதெல்லாம் சங்கத்துல சிரிச்சாங்க. மறைக்க மாட்டேன், நானும் சிரிச்சேன். ரெண்டாவது வரியில ஒருத்தர் போனக் கீழ வச்சுட்டாரு. அவருக்குக் கஜாவுல எம்பது மரம் போச்சு. அந்த வருஷமே அவரு மகன் திருப்பூருக்குப் போனவன், இன்னும் திரும்பல. செருப்பக் கழட்டிக் கும்பிட்டுச்சாமே, யாரு வீட்டுப் புயல் அதுன்னு கேட்டாரு."

எந்த வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எதை வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லலாம். இறங்கிப்போனவர்களைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. "தப்புத்தாங்க. அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். அதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

தேவி பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். "ஏற வேண்டியது இது சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். நாற்பத்தொரு கேள்வி, கீழேயே முனியசாமி சொன்ன பதில். நெட்டை ரகம் எத்தனை வருஷத்தில் காய்க்கும்: அஞ்சு, ஆறு வருஷம் ஆகும், அவசரம் என்றால் நெட்டை வேண்டாம். எத்தனை அடிக்கு ஒன்று: இருபத்தைந்து, அதற்குள் நட்டால் கன்று எங்களுக்கு லாபம், உங்களுக்கு நட்டம். வண்டு வராதா: வரும், மாதம் ஒரு முறை குருத்தைப் பார்க்க வேண்டும், பார்க்க ஆளில்லாவிட்டால் வாங்காதீர்கள். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பின்னால் வந்தார். மறுபடி முன்னால் போனார்.

"இதுல ஒண்ணு இல்லையே" என்று நோட்டை மூடினார். "பட்டுப்போனா என்ன செய்வீங்கன்னு ஒருத்தருமா கேக்கல?"

"நான் உக்காந்திருந்த அன்னைக்கு யாரும் கேக்கல சார்."

"எங்க ஆளுங்க கேப்பாங்க." காகிதத்தை எடுத்துக் கடைசி அடிக்கோட்டில் விரலை வைத்தார். ரெண்டு கோடு போட்டிருந்த இடம் அது. "முனியசாமிண்ணே, மத்ததெல்லாம் வேடிக்கைன்னு கொழந்தைக்கும் தெரியும். இது உங்க பேரு போட்டிருக்கு. ஒண்ணு பட்டா பத்து, முனியசாமியின் வாக்குன்னு. இது வேடிக்கையா, வாக்கா? இதக் கேக்கத்தான் வந்தேன். மத்த ரெண்டு நர்சரிக்காரங்களும் இந்தப் பேச்சையே எடுக்கல."

வேடிக்கை என்றால் அவர் எழுந்து போய்விடுவார். வாக்கு என்றால் நூறு கன்று பட்டாலே ஆயிரம் கொடுத்தாக வேண்டும், நர்சரியே போய்விடும். நான் டீ குடிக்கிற நேரத்தில் எழுதிய ஒரு வரி அந்த மனிதர் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

முனியசாமி வெளியே போய் ஒரு கன்றின் குருத்தை விரித்துப் பார்த்தார். பிறகு திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு.

"எட்டு நிமிஷம் உக்காருங்க" என்றார்.

"எதுக்குண்ணே?"

"வாக்குக் குடுக்கணும்னா நேரம் பாத்துத்தான் குடுப்பேன்."

அறிவுச்செல்வன் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் காலை மடக்கி உட்கார்ந்தார். அழகி மோர் கொண்டுவந்தாள். பஞ்சாங்கம் எழுதின காலத்திலிருந்து அவ்வளவு நீளமான எட்டு நிமிஷம் வந்ததில்லை. நடுவில் ரெண்டு ஆலங்குடி பஸ் போயின. நான் ஒரு தடவை நரைத்து, மறுபடி கறுத்தேன். தேவி என் பக்கம் குனிந்து, "அவரு என்ன சொல்லப் போறாருன்னு தெரியுமா பெரியப்பா?" என்றாள். தெரியாது என்றேன். அவளுக்கு ஆறுதலுக்காகவாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு என்னிடம் ஸ்டாக் இல்லை.

கடிகாரத்தின் ரெண்டு முள்ளும் ஒட்டின. முனியசாமி இன்னும் ஒரு நிமிஷம் விட்டுக் கொடுத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"பத்து முடியாது. நான் பொழைக்கணும். நட்டு ஒரு வருஷத்துக்குள்ள பட்டுப்போச்சுன்னா, வண்டோ வாடலோ எதுனாலும், பட்ட கன்ன எடுத்துக்கிட்டு வாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு தாரேன். தண்ணி விடாமக் காஞ்சதுக்குத் தர மாட்டேன். மண்ணக் கிள்ளிப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுரும்."

"எழுதித் தருவீங்களா?"

முனியசாமி சட்டைப் பையின் பித்தானைக் கழற்றினார். "தங்கச்சி, நம்பர் வருதா பாரு."

தேவி லேப்டாப்பை இழுத்தாள். சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. இந்த முறை அழகியே முந்தானையால் துடைத்துவிட்டாள். முனியசாமி ஆறு எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தேவி முதலில் சரியான படியை ஏற்றினாள். ஏற்றும் முன் பெயரை விரல் வைத்து மூன்று தரம் படித்தாள். பிறகு நாற்பத்திரண்டாவது கேள்வியைச் சேர்த்து, முனியசாமி சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதையும் விடவில்லை.

அறிவுச்செல்வன் தன் போனில் திறந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"அதக் குடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் தேவி.

"இது இருக்கட்டும். ரெண்டையும் வாசிக்கிறேன். எப்புடி வந்துச்சுன்னு சொன்னாத்தான் நம்புவாங்க." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக் கூட்டம் ஆறு மணிக்கு முடிந்தது. அதுவரை நாலு பேரும் சாப்பிடவில்லை. கேசரியை எண்ணாவிட்டால். ஆறேகாலுக்குத் தேவியின் போனுக்கு ஒரு வரி வந்தது: ரெண்டாயிரம் கன்று, அடுத்த வாரம் வண்டி வரும், மீதியைப் பற்றி முதல் மழைக்கு அப்புறம் பார்க்கலாம்.

முழுசாக மூவாயிரம் இல்லை. முனியசாமி, "ரெண்டாயிரம் போதும், அவ்வளவுக்குத்தான் என்னால பட்டதுக்கு மாத்திக் குடுக்க முடியும்" என்றார். மீதி ஆயிரத்தில் பாதி, பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் போயிற்று. பாதி இன்னும் நிற்கிறது. அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் முன்வரிசையை நான் பார்ப்பதில்லை.

தேவி இப்போது அரிமளத்தில் ஒரு விதைக்கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அறிவுச்செல்வன் சொல்லி அனுப்பிய கடை. சாவியைக் கடைக்காரர் கையில் கொடுக்கிற வழக்கத்தை விடவில்லை. விட்டுவிடேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அன்னைக்கு என் கையில சாவி இருந்திருந்தா அந்த நாப்பத்திரண்டாவது வந்திருக்குமா பெரியப்பா?" என்றாள். புது வழக்கம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. லேப்டாப்பில் பொட்டு வைக்கிற இடத்தை அவளே முன்கூட்டிப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிவிடுகிறாள்.

இடத்தை நிரப்ப எழுத்துக்கு இன்னும் என்னிடம்தான் வருகிறாள். ஆனால் எதையாச்சும் என்பதில்லை. நான் டிக்கெட் கிழித்த ரூட்டின் நிறுத்தங்களை மட்டும் வரிசையாக எழுத வேண்டும் என்று உத்தரவு. ஆலங்குடி, வம்பன், திருவரங்குளம், கைக்குறிச்சி, புதுக்கோட்டை. அதில் பொய் சொல்ல வழியில்லை என்று நினைக்கிறாள்.

போன வாரம் எழுதிக் கொடுத்ததில் திருவரங்குளத்துக்கும் கைக்குறிச்சிக்கும் நடுவே ஒரு ஊரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும்வரை நானும் ஒரு பேனா மூடியைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.